மேலே பாதி, கீழே பாதி

மச்சான்,

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நீங்கள் இனி யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது என்கிற தைரியத்தில் சொல்கிறேன். போன வாரம் ஆவூர்ப் பக்கம் ஒரு கல்யாணப் பூசையில், கோவில் நிறைந்த கூட்டத்துக்கு நடுவில், யாரும் கேட்காமலே நான் செபத்தைத் தொடங்கிவிட்டேன்.

என் மேல் தப்பில்லை. வேட்டுப் போட்டவன் மேல்தான் தப்பு. சாமியார் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லத்தீனில் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுப்பூசை மணி அடித்தது, எல்லோரும் முழங்காலில் இருந்தோம். வெளியே மாப்பிள்ளை வீட்டார் வைத்திருந்த ஆள் வேட்டைக் கொளுத்தினான். தொம்மென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் சன்னல் வழியாகக் கருமருந்துப் புகை உள்ளே வந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியது வரைக்கும்தான் எனக்கு நினைவு. "பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே!" என்று, பாதாளத்தில் இருப்பவனுக்கும் கேட்கிற மாதிரி தொண்டையைத் திறந்துவிட்டேன்.

நம் சனங்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே. யாராவது முன்பாதியைச் சொன்னால் போதும், ஏன், எதற்கு என்று கேட்கமாட்டார்கள். நான் நிறுத்தின இடத்தில் கோவில் மொத்தமும் எடுத்துக்கொண்டு பின்பாதியைச் சொல்லி, ஆமென் போட்டு முடித்தது. சாமியார் திரும்பிப் பார்த்தார். பெண்கள் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரி பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு வேட்டே தேவலை. அன்றைக்குப் பந்தியில் எனக்குப் பாயசம் ஊற்ற வந்தவன்கூட, "என்ன மாமா, இதுக்கும் நீங்களே ஆரம்பிச்சு வைக்கிறீங்களா?" என்றான்.

கருமருந்து வாடை வந்தால் நான் முன்பாதியைச் சொல்ல வேண்டும், வெடி வைத்த கிணற்றுக்குள்ளிருந்து நீங்கள் பின்பாதியைச் சொல்ல வேண்டும். இப்படியே வருஷக்கணக்காகப் பழகின வாய் இது. கோவிலென்றும் கிணறென்றும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை.

இந்தப் பழக்கத்தை வெளியாட்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். மற்ற ஊர்க் கிணறு வெட்டுகிறவர்கள், உள்ளே இறங்கின ஆளிடம் மேலேயிருந்து "என்னப்பா, இருக்கியா?" என்று கேட்பார்கள். அவன் "இருக்கேன்" என்பான். நாலு தரம் கேட்டால் அவனுக்கு எரிச்சல் வந்துவிடும். அஞ்சாவது தரம் கேட்கிறவனுக்கே சலித்துவிடும். வெற்றிலை போட உட்கார்ந்துவிடுவான். வெடிப்புகை தங்கின கெட்ட காற்றில் ஆள் செத்துக் கிடப்பது அப்படித்தான் தெரியாமல் போகும். நம் ஆட்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. மேலே ஒருத்தன் பரமண்டல மந்திரத்தின் முன்பாதி சொல்வான், கீழே இறங்கினவன் பின்பாதி சொல்வான். அப்புறம் மாதாவுக்கு அருள்நிறை மந்திரம், அதுவும் பாதிப் பாதி. என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டியதில்லை, சலிக்கவும் சலிக்காது, ஏனென்றால் சலித்துப்போனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று சின்ன வயதிலேயே நம்மை அடித்துப் பழக்கியிருக்கிறார்கள். கீழேயிருந்து பதில் நின்றால் அவன் இடுப்பில் கட்டின வடத்தை இழுக்க வேண்டும். யோசிக்கக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. இழுக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

வெடி வைத்த பிறகு முதலில் இறங்குகிறவர் எப்போதும் நீங்கள்தான். கிணறு வெட்டும் நம் கொத்துக்குத் தலைவர் என்பதால் இல்லை. உங்கள் குரலுக்காக. கீழே நின்று நீங்கள் "எங்கள் அனுதின உணவை" என்று எடுத்தால் மேலே கட்டிக் கிடக்கும் மாடு காதை ஆட்டும். திருவரங்குளம் பக்கம் ஒரு கிணற்றுக்காரர், பொன்னையா, அவர் நம் கோவில்காரர் இல்லை. அவர்கூட, "அந்தச் சத்தத்த நிறுத்தாதீங்கப்பா, நிறுத்துனா நான் கெணத்த எட்டிப் பாக்க வேண்டியிருக்கு" என்பார். பங்குச் சாமியார் ஒருமுறை வழியில் நின்று கேட்டுவிட்டு, "செபத்தை இப்படி வேலைக்கு நடுவே கத்தலாமா, அது பக்தியா?" என்று கேட்டார். நீங்கள் மண்ணும் வேர்வையுமாக மேலே ஏறி வந்து கைகட்டி நின்று, "பக்தியான்னு தெரியல சாமி. சத்தம் நின்னா இழுப்பாய்ங்க. அது தெரியும்" என்றீர்கள். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதெல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, உங்கள் ஆத்தா சாகிற வரைக்கும்.

சமஸ்தானம் போய் நாமெல்லாம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் அது. நாம் விராலிமலைக்கு அந்தாண்டை ஒரு தோட்டத்தில் வேலையாக இருந்தோம். உங்கள் தம்பி சவரிமுத்து அந்த வேலைக்கு வராமல் ஊரில் ஆத்தாவோடு இருந்தான். சித்திரை வெயிலில் ஆத்தா காலையில் கண்ணை மூடிவிட்டது. சவரி ஆள் அனுப்பினான். ஆள் ஏறின பஸ் வழியில் நின்றுபோய்விட்டது. சாமியார் பொழுது சாய்வதற்குள் வேறு ஊருக்குப் போகவேண்டும் என்றார், உடம்பும் தாங்காது என்று பெரியவர்கள் சொன்னார்கள். சவரி அடக்கம் செய்துவிட்டான். நாம் போய்ச் சேர்ந்தபோது குழிமேட்டில் தண்ணீர் தெளித்த ஈரம் காய்ந்துவிட்டிருந்தது.

நீங்கள் அழவில்லை. சவரியைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். "ஆத்தா மூஞ்சிய எனக்குக் காட்டல. ஒரு பிடி மண்ணு போட விடல" என்று என்னிடம் மட்டும் சொன்னீர்கள். அன்று சாயங்காலம் கோவிலில் உபதேசியார் செபம் ஆரம்பித்தார். முன்பாதியை அவர் சொல்ல, பின்பாதியை ஊரே சொன்னது. "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல" என்கிற இடம் வந்ததும் கோவிலே பாதியாகக் குறைந்துபோன மாதிரி இருந்தது. என்னவென்று பார்த்தால், உங்கள் வாய் மூடியிருந்தது. "எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்" என்று அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொண்டீர்கள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

வெளியே வந்ததும் நான்தான் கேட்டேன். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"என்ன மச்சான், நடுவுல ஒரு வரிய முழுங்கிட்டீங்க? பசியா?"

"சாமிகிட்டப் பொய் சொல்லச் சொல்றியா மாப்ள?"

"ஊரே சொல்லுது. எல்லாரும் நிசமாவா சொல்றாய்ங்க?"

"ஊரு கத ஊருக்கு. நான் பொறுக்குற மாதிரி நீயும் பொறுத்துக்கன்னு அவருட்ட நான் சொல்லி, அவரு சரின்னுட்டா? நான் இவன எங்க பொறுத்தேன்? அப்ப அவரும் என்னையப் பொறுக்க மாட்டாரு. எந்தக் கிறுக்கனாவது இத வாயத் தொறந்து கேட்டு வாங்குவானா?"

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அடுத்த வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் இதைச் சொன்னீர்களாம். அவர் கோபித்துக்கொண்டு, அபராதமாகப் பத்து பரமண்டல மந்திரம் சொல் என்றாராம். நீங்கள் சொன்னீர்கள். பத்தையும் அந்த வரி இல்லாமல் சொன்னீர்கள். பீடத்துக்கு முன்னால் நீங்கள் மண்டியிட்டு, விட்டு விட்டுச் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்து என் அக்காள், அதாவது உங்கள் வீட்டுக்காரி, "இந்த மனுசன் சாமிகிட்டயே வம்பு பண்ணுது" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கோவிலில் வாயை மூடலாம். கிணற்றுக்குள் மூட முடியுமா? அந்தக் கூத்து உங்களுக்கு நினைவிருக்கும். ஆத்தா செத்த பிறகு முதல் வெடிக்கு நீங்கள் இறங்கினீர்கள். நான் முன்பாதி சொன்னேன். கீழேயிருந்து அனுதின உணவு வந்தது. பிறகு சத்தம் இல்லை. சட்டப்படி இழுத்தோம். நீங்கள் இடுப்பில் வடத்தோடு, காலை உதைத்துக்கொண்டு, கிணற்றுச் சுவரில் இடித்து இடித்து மேலே வந்தீர்கள். முழங்கை தோல் உரிந்திருந்தது.

"எதுக்குடா இழுத்தீங்க? எனக்கு என்ன கேடு?"

"சத்தம் வரலயே மச்சான்."

"அந்த வரிய நான் சொல்ல மாட்டேன்னு தெரியும்ல?"

"தெரியும். கயித்துக்குத் தெரியாதே. அந்த எடத்துல ஒரு இருமலாவது இருமித் தொலைங்க."

"செபத்துக்கு நடுவுல இருமச் சொல்றியா? மருவாத கெட்டவனே."

"அப்ப அருள்நிறை மந்திரத்த மட்டும் சொல்லிக்கிருவோம். அதுல வம்பே இல்ல."

"அய்யனப் பாக்காம ஆத்தாவ மட்டும் பாத்துட்டுத் திரும்புற வீடு எங்கயாவது உண்டா?"

கடைசியில் நாம் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். அந்த வரிக்கு மட்டும் பொறுத்திருப்பது. சோதனை வரி வந்ததும் செபத்தைத் தொடர்வது. அதுவும் வராவிட்டால் இழுப்பது. சட்டத்தில் ஓட்டை போட்டாயிற்று. எல்லோருக்கும் அது தப்பென்று தெரியும். உங்களோடு வாதாட யாருக்கும் தெம்பில்லை.

இதில் வேடிக்கை, வடத்தின் தலைப்பைப் பிடித்து நிற்கிறவன் சவரி. அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை இல்லை, ஆனால் ஒரே கொத்தில் வேலை. கைக்கெட்டும் தூரத்தில் அவன் நிற்கும்போதே, "மாப்ள, வடத்தத் தளத்தச் சொல்லு" என்று என்னிடம் சொல்வீர்கள். நான் அவனிடம், "ஒங்கண்ணன் வடத்தத் தளத்தச் சொல்றாரு" என்பேன். அவன், "தளத்திட்டேன்னு சொல்லுங்க" என்பான். நான் உங்களிடம் சொல்வேன். ஒரு நாள் இந்த வேலை அலுத்துப்போய், "வடத்த வேற ஆளு கையில குடுத்துருவோமா மச்சான்? எனக்கு வாயி வலிக்குது" என்றேன். நீங்கள் என்னை முறைத்தீர்கள். "பேச்சுத்தான் இல்ல. வடம் அவன் கையில இருக்கட்டும்" என்றீர்கள். அவனுக்குக் கேட்டிருக்கும். கேட்காத மாதிரி நின்றான்.

சாயங்காலம் கோவிலில் அவன் உங்களுக்குப் பின்வரிசையில்தான் நிற்பான். அந்த இடம் வரும்போது மற்றவர்கள் கண்ணை மூடியிருப்பார்கள், அவன் திறந்துவிடுவான். உங்கள் பிடரியைப் பார்த்துக்கொண்டிருப்பான். இன்றைக்குச் சொல்வாரா என்று. வரி தாண்டியதும் மறுபடி மூடிக்கொள்வான். நானும் கண்ணைத் திறந்திருந்ததால்தான் இது எனக்குத் தெரியும், அதை விடுங்கள்.

இப்படியே வருஷங்கள் ஓடின. மழை பொய்த்துக்கொண்டே போனது. கண்மாயெல்லாம் வெடித்துக் கிடந்தது. நமக்கு மட்டும் வேலைக்குக் குறைவில்லை. பொன்னையா தன் பழைய கிணற்றை ஆழப்படுத்தக் கூப்பிட்டார். தண்ணீர் காணாவிட்டால் மாடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போய்விடுவேன் என்று தினமும் வந்து சொல்வார். அடியில் கரும்பாறை. பாறையில் தமர்த் துளை அடித்து, மருந்து கெட்டித்து, வெடித்தோம். புகை அடங்கக் காத்திருந்தோம். வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டு ஏற்றி இறக்கிக் காற்றைக் கலக்கினோம். நீங்கள் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினீர்கள். இடுப்பில் வடம், மேலே உருளை, உருளைக்குப் பின்னால் சவரி, அவனுக்குப் பின்னால் கொத்தில் இன்னும் இரண்டு பேர். கிணற்று வாயில் நான்.

நான் முன்பாதி சொன்னேன். கீழேயிருந்து, "எங்கள் அனுதின உணவை எங்களுக்கு இன்று தந்தருளும்" என்று வந்தது. கொஞ்சம் இழுவையாக வந்த மாதிரி இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. பிறகு சத்தம் இல்லை. வழக்கமான இடம்தானே என்று நான் பொன்னையாவின் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் ஒரு கொம்பு வளைந்திருக்கும், அதை வைத்து அவரைக் கேலி செய்ய ஏதாவது கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"இழுங்க" என்றான் சவரி.

"இருடா. ஒன்னால அவரு விடுற எடம்தான் ஓடுது. அவரு இன்னும் சோதனைக்கே வரல."

"என் எடம் எம்புட்டு நேரம்னு எனக்குத் தெரியாதா? அது முடிஞ்சுபோச்சு. இழுங்கய்யா!"

அவன் கத்தும்போதே இழுக்க ஆரம்பித்திருந்தான். உங்கள் பளுவை ஒற்றை ஆளாக ஒரு ஆள் உயரம் ஏற்றிவிட்டான், அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கை போட்டார்கள். நீங்கள் காலை உதைக்கவில்லை. திட்டவில்லை. தலை தொங்கி, துணிமூட்டை வருகிற மாதிரி மேலே வந்தீர்கள். முகம் நாவற்பழ நிறத்தில் இருந்தது. சுடு வெயிலில் கிடத்தி, துண்டால் விசிறி, முகத்தில் தண்ணீரை அடித்தோம். பொன்னையா தன் சாமிகளை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். நாங்கள் எங்கள் சாமியைக் கூப்பிட மறந்துவிட்டோம். சவரி மட்டும் உங்கள் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு எடுக்கவே இல்லை.

நெடுநேரம் கழித்து இருமினீர்கள். கண்ணைத் திறந்தீர்கள். முகத்துக்கு நேரே சவரி முகம். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம், இத்தனை வருஷத்துக்குப் பிறகு தம்பியிடம் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று. நீங்கள் கண்ணை என் பக்கம் திருப்பினீர்கள்.

"மாப்ள, இவனக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு. காத்து வரட்டும்."

நான் சவரியிடம் சொன்னேன், தள்ளி நிற்கச் சொல்கிறார் என்று. அவன், தள்ளிக்கிட்டேன்னு சொல்லுங்க என்றான்.

அன்று சாயங்காலம் சேதி பரவிக் கோவில் நிறைந்துவிட்டது. செபத்துக்கே வராதவர்களெல்லாம் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் அந்த ஒரு வரிதான் வேண்டியிருந்தது. உபதேசியார்கூட முன்பாதியைக் கொஞ்சம் வேகமாகச் சொன்னார். வரி வந்தது. நீங்கள் சொல்லவில்லை. சவரி செபம் முடிகிற வரைக்கும் இருக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

எனக்கு வந்ததே கோபம். என் சிரிப்பு முகத்தைப் பார்த்தே பழகின நீங்கள் அன்றைக்குக் கொஞ்சம் மிரண்டுதான் போனீர்கள்.

"நீங்க மனுசனா மச்சான்? உசிரக் குடுத்துருக்கான்."

"குடுத்தான். யாரு இல்லன்னா? ஆத்தாவுக்கு மண்ணு போட விடாதது வேற கணக்கு. இதக் கொண்டாந்து அதுல கட்ட முடியாது."

"அப்ப அவன் என்னதான் செய்யணும்?"

"அவன் ஒண்ணும் செய்ய வேணாம். எனக்கு வரணும்ல, வரலயே. வராதத வந்துருச்சுன்னு எப்படிச் சொல்ல?"

வீட்டுப் பக்கம் நடந்தோம். உங்கள் வீட்டு வேலிப்படலைத் திறக்கப் போன கை அப்படியே நின்றது.

"மாப்ள, நான் வழக்கமாத்தான் நிறுத்துனேன்னு நீங்கள்லாம் நெனச்சிட்டீங்க. அவன் மட்டும் எப்படிக் கண்டுபுடிச்சான்?"

"அந்த எடம் எம்புட்டு நேரம்னு அவனுக்குத்தான் தெரியும். ஒங்க பின்னாடி நின்னு தெனமும் காது குடுத்துக் கேக்குறான்ல."

"தெனமுமா?"

"தெனமும்."

"வேல இல்லாத நாளுமா?"

"ஞாயித்துக்கெழமையும்தான். அன்னிக்குப் பூசையில வேற ஒருதரம்."

நீங்கள் வேலிப்படலைப் பிடித்தபடியே நின்றீர்கள். பிறகு, "போயிச் சாப்புடு" என்று என்னை அனுப்பிவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு எத்தனை நாள் என்று நான் எண்ணி வைக்கவில்லை. பொன்னையா கிணற்றில் ஊற்றுக் கண்டுவிட்டோம், அவர் மாடுகள் ஊரோடு தங்கிவிட்டன, அந்த அளவுக்கு நாள் ஆகியிருந்தது. விசேஷமில்லாத ஒரு சாயங்காலம். கூட்டமும் இல்லை. பொழுது விழுகிற நேரம், நாலு கிழவிகள், நாம் சிலபேர். உபதேசியார் கொட்டாவிக்கு நடுவே முன்பாதியைச் சொன்னார். நாங்கள் அந்த வரியைச் சொல்லி முடித்தோம். முடித்த பிறகு, ஊரே அடுத்த வரிக்கு வாயைத் திறந்த நேரத்தில், உங்கள் குரல் மட்டும் தனியாகப் புறப்பட்டது. "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல." அத்தனை வருஷம் சொல்லாததில் உங்களுக்கு ஓட்டம் தப்பிப்போயிருந்தது. எல்லோரும் அடித்துப்போட்ட மாதிரி நின்றுவிட்டார்கள். நீங்கள் ஒற்றை ஆளாக, கிணற்றுக்குள் நிற்கிற அதே சத்தத்தில், மிச்சத்தையும் சொல்லி முடித்தீர்கள். கிழவிகள் திரும்பிப் பார்த்தார்கள். உபதேசியார் வாயில் கொட்டாவி பாதியில் நின்றது.

"என்ன பாக்குறீங்க? அடுத்தது சோதனை. சொல்லுங்க" என்றீர்கள்.

சொன்னோம். சவரி சொல்லவில்லை. அவன் பீடத்துக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். வெளியே வந்து நீங்கள் அவனிடம் முதன்முதலாக நேராகப் பேசியது, "நாளைக்கு உருளைக்கு எண்ண போடணும், கிறீச்சுங்குது" என்பது. அவன், "போட்டுட்டேன்ணே" என்றான். என் வேலை அன்றோடு போயிற்று. நான் அப்புறம், என்ன மச்சான் திடீரென்று என்று கேட்டேன். "நான் சும்மா இருக்குறத அவன் இம்புட்டு நாளு கேட்டுருக்கானே மாப்ள" என்றீர்கள். அவ்வளவுதான்.

செபத்தைப் பற்றி இப்போது சாமியார்கள் நிறையச் சொல்கிறார்கள். பூசையையே தமிழுக்கு மாற்றப்போகிறார்களாம், எல்லாம் புரியும்படி ஆகிவிடுமாம். ஆகட்டும். எனக்குப் புரிந்தது கொஞ்சம். உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அதைவிடக் கொஞ்சம். காலமெல்லாம் மேலே நின்றே சொன்னதில் எனக்கு முன்பாதிதான் வாயில் தங்கியிருக்கிறது. தனியாகச் செபம் சொல்ல உட்கார்ந்தால், "பூலோகத்திலும் செய்யப்படுவதாக" வரைக்கும் வண்டி தானாக ஓடும். அங்கே நின்றுவிடுவேன். யாராவது பதில் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரி அடுப்படியில் ஏனம் கழுவிக்கொண்டே பின்பாதியைச் சொல்கிறாள். அந்த வரியில் அவள் ஒருநாளும் நிறுத்துவதில்லை, அன்றைக்கு என்னோடு எவ்வளவு சண்டை போட்டிருந்தாலும். நான்தான் அந்த வரி போகிறபோது காதைக் கொடுத்துக் கேட்கிறேன். நிறுத்தினால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டுமே என்று. உங்களுக்குப் பிறகு எனக்கு இருக்கிற பக்தி இவ்வளவுதான் மச்சான்.

இன்னொன்று உங்களிடம் சொல்லவேண்டியது பாக்கி இருக்கிறது. நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள், ஆனால் பார்த்திருக்க முடியாது.

நெஞ்சுச் சளியில் நீங்கள் போன அன்றைக்கு, எல்லோரும் வந்து சேருகிற வரைக்கும் பெட்டியை எடுக்கக் கூடாது என்று சவரி ஒற்றைக்காலில் நின்றான். யார் யார் வரவேண்டும் என்று கேட்டால், "எல்லாரும்" என்றான். சாமியார் வேறு ஊருக்குப் போகவேண்டும் என்றார், போயிட்டு வாங்க சாமி, காத்திருக்கோம் என்றான். பொன்னையாவும் திருவரங்குளத்திலிருந்து வந்து சேர்ந்த பிறகுதான் எடுத்தோம். குழி நம் ஆட்களே வெட்டியது, சுவர் செங்குத்தாக, பார்க்க அழகாக இருந்தது. சாமியார் லத்தீனில் முடித்தார். பெட்டியை இறக்க நம் கொத்து ஆட்கள்தான் வடம் பிடித்தோம், வேறு யாரிடமும் கொடுக்க மனமில்லை. இறக்கும்போது பரமண்டல மந்திரம் சொல்லுங்கள் என்றார் சாமியார். நான் முன்பாதி சொன்னேன். பின்பாதியை ஊர் சொல்லியிருக்கலாம். ஆனால் சவரி முந்திக்கொண்டு தனியாக ஆரம்பித்துவிட்டான், அதனால் மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். அனுதின உணவு வந்தது. நீங்கள் பாதிக் குழிக்கு வந்திருந்தீர்கள். "எங்களுக்குத் தீமை செய்தவர்களை" என்றான். அதற்கு மேல் அவனுக்கு வரி வரவில்லை. சத்தம் இல்லை.

எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தோம். நீங்கள் மேலே வந்துவிட்டீர்கள்.

சாமியார் புத்தகத்தை மூடிவிட்டு, என்ன நடக்கிறது என்று கேட்டார். பொன்னையா, "கெட்ட காத்து இருக்கும் சாமி" என்றார். சவரி மூக்கைத் துடைத்துக்கொண்டு வரியை முதலிலிருந்து சொன்னான். மறுபடி இறக்கினோம். அவசரத்தில் இழுத்ததில் ஒரு பக்கத்து வடம் முறுக்கிக்கொண்டதால் பெட்டி கோணலாக உட்கார்ந்துவிட்டது, கால்மாட்டைவிடத் தலைமாடு கொஞ்சம் உயரம். நேராக்க முடியுமா என்று பார்த்தோம், முடியவில்லை. அப்படியே மண் போட்டோம்.